யானையின் நிறத்தை மாற்றாதே

அன்புள்ள முனீஸுக்கு, அருள்புரத்திலிருந்து அம்மா ஒச்சாயி சொல்ல ஆஷா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையில்லை, துபாய் வெயில் உன்னை வாட்டாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, புரோட்டாவைக் குறை, அறையில் இருப்பவர்களோடு சண்டை வேண்டாம் என்கிறாள். கடிதத்தின் கடைசியில் எழுத வேண்டியதையும் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள். இனி நான் எழுதுவது.

அண்ணே, போனில் எனக்குப் பேச வராது, மெசேஜ் போட்டால் சிரிக்கிற பொம்மையைப் போட்டு முடித்துவிடுவாய், அதனால்தான் லீவு முடிந்து துபாய் திரும்பும் சலாவுதீன் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியில் நான் தைக்கிற பொம்மைகளின் படத்தை இன்ஸ்டாவில் போடுவது நீதான். கடுகு மஞ்சள் யானையை வாசல் வெளிச்சத்தில், வெயில் நேராக விழாமல், வெள்ளைத் துணி விரித்து, அளவு தெரியத் தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். காதில் ஒரு தையல் விலகியிருந்தது, பிரித்துத் தைத்தால் பனியன் துணியில் ஓட்டை விழும். செக்கிங் வேலை பார்க்கும் அம்மா, கம்பெனியில் குறையுள்ள இடத்தைக் காட்ட ஒட்டுவதுபோல அதில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினாள், வாங்குகிறவருக்குத் தெரியட்டும் என்று நானும் அப்படியே எடுத்தேன். படம் வந்ததும் நீ என்னைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, "பாருங்கடா, விக்கிறதுக்கு முன்னாடியே இவளே ரிஜெக்ட் பண்ணிட்டா" என்றாய், உன் அறையே சிரித்தது. அதோடு விட்டாயா? அம்புக்குறியை அழித்து, கலரை ஏற்றி, எலுமிச்சை மஞ்சளாக்கிப் போட்டாய். சாயப்பட்டறையில் நின்றவன் நீ, நிறம் கொஞ்சம் மாறினாலும் துணி லாட் முழுக்கத் திரும்பி வரும் என்று உனக்கா தெரியாது?

யானையை வாங்கிய, பாலர் பள்ளி நடத்தும் சுப்பாத்தாள் அக்கா அதைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏங்கண்ணு, படத்துல ஒண்ணு, கையில ஒண்ணா? பள்ளிக்கூடத்துக்குப் பூரா உன்றகிட்டயே வாங்கலாம்னு இருந்தேன், இனி எப்புடி நம்பறது" என்றார். மாற்றியது என் அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு நான் எடுத்த படத்தை, அம்புக்குறியோடு, அவருக்கு அனுப்பினேன். "இதையவே மொதல்ல போட்டிருக்கோணும்" என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மற்ற பொம்மைகளைப் பார்க்க வருகிறார், வாங்குவாரா தெரியாது. அதற்குள் இன்ஸ்டா பாஸ்வேர்டை எனக்கு அனுப்பு. அனுப்பாவிட்டால் நானே புதிதாக ஒரு பக்கம் தொடங்குவேன், இனி ஒரு படமும் உன் கைக்கு வராது.

பொங்கலுக்கு லீவு இப்போதே கேட்டு வைக்கச் சொன்னாள் அம்மா. நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டுமாம். ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "தங்கச்சிக்குக் கோவமெல்லாம் இல்ல, வருத்தந்தான்னு எழுது" என்றாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதிவிட்டேன். எனக்குக் கோபம்தான்.

இப்படிக்கு,
உன் தங்கை ஆஷா