சனிக்கிழமைக் கூடையும் 212-ஆம் பக்கமும்

விடுநர்:
செ. பெரியநாயகி, வயது 63,
மசாலா அரைத்து விற்பவர்,
குயின் தெருப் பின்சந்து, பினாங்கு.

பெறுநர்:
ஜனாப் நாகூர் மீரான் அவர்கள்,
தலைவர், கலைமதித் தமிழ் வாசகசாலை,
சூலியா தெரு, பினாங்கு.

பொருள்: பூட்டி வைத்திருக்கும், பெண்கள் படிக்கும் நாவல்களை வெளியே விட்டு, நிறுத்திய சனிக்கிழமைக் கூடையை மறுபடி அனுப்பக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வாசகசாலைக்கு வர முடியாத பெண்களுக்காகத் தாங்கள் ஏற்படுத்திய கூடை நான்கு வருஷமாக நடந்து வந்தது. சனிக்கிழமைதோறும் சேவகர் அய்யாக்கண்ணு பதினோரு வீடுகளுக்கு நாவல்களைச் சுமந்து வருவார். ஒரு புத்தகம் ஒரு வீட்டில் ஒரு வாரம் தங்கி அடுத்த வீட்டுக்குப் போகும். இந்து வீடு ஆறு, முஸ்லிம் வீடு ஐந்து. கடைசி வீடு என்னுடையது. மற்ற வீட்டுப் பெண்களில் பலருடைய முகம்கூட எனக்குத் தெரியாது.

2. சென்ற நவம்பர் 24-ஆம் தேதி கூடை வரவில்லை. காரியதரிசி திரு. தங்கராஜு அவர்கள் நாற்பத்திரண்டு நாவல்களையும் அலமாரியில் பூட்டிவிட்டார். வரும் 16-ஆம் தேதி கமிட்டியில் உத்தரவு வாங்கி, பொட்டலம் மடிக்க மளிகைக் கடைக்கு எடைக்குப் போடுவதாக நோட்டீஸும் ஒட்டியிருக்கிறார். அவர் சொல்லும் காரணங்கள் மூன்று: இவை உதவாத கதைகள்; படிக்கும் பெண்கள் அடுப்பை மறக்கிறார்கள்; ஓரங்களில் பென்சிலால் எழுதிப் புத்தகத்தைக் கெடுத்துவிட்டார்கள்.

3. உதவாத கதை என்பதற்கு என் பதில். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நாற்பத்தெட்டாம் வயதில், பக்கத்து வீட்டு ஹாஜரா நாவல் வாசிக்க, அம்மியில் அரைத்தபடியே கேட்பேன். பிடித்த அத்தியாயங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துவிட்டேன். பிறகு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் வாயில் இருக்கும் சொல் தாளில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அப்படித்தான் எழுத்து பிடிபட்டது. கதாநாயகி ஆற்றில் விழுந்த இடத்தில் ஹாஜராவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். கதாநாயகியைக் கரையேற்ற வேறு ஆளில்லை. நானே எழுத்துக்கூட்டி, இரண்டு நாளில் கரையேற்றினேன். இந்த மனுவை எழுதும் கையும் அந்தக் கைதான்.

4. அடுப்பை மறக்கிறோம் என்பது பொய். இந்த நாவல்களில்தான் அடுப்புக்கு மரியாதை இருக்கிறது. மற்றப் புத்தகங்களில் ராஜா படையெடுப்பார், ராணி அழுதுகொண்டிருப்பாள். இவற்றில் ஒரு பெண் பால் பொங்குவதைப் பார்த்தபடி, அண்ணன் பேச்சைக் கேட்பதா வேண்டாமா என்று யோசிக்கிறாள். அந்த யோசனைக்கு நான்கு பக்கம் கொடுத்திருக்கிறார்கள், ஐயா. எங்கள் யோசனையை யாரும் நான்கு வார்த்தை கேட்டதில்லை. ‘பூரணவல்லி அல்லது திறவாத கடிதம்’ என்ற நாவலில் பூரணவல்லி அந்தக் கடிதத்தை அரிசிப் பானையில் ஒளித்து வைத்ததும், அன்று பார்த்து அண்ணனுடைய மாமியார் தானே உலை வைக்கிறேன் என்று எழுந்ததும், என் கையிலிருந்த மிளகாய்த்தூள் கொட்டிவிட்டது. அதன் பிறகு நடந்ததை எழுதினால் இந்தத் தாள் போதாது. தாங்கள் படிக்கவேண்டிய கதை என்பதால் முடிவைச் சொல்லவும் மாட்டேன். புகாருக்கு வருகிறேன்.

5. ஓரங்களில் எழுதியது உண்மை. நானும் எழுதினேன். ஒருவரையொருவர் பார்க்காத நாங்கள் வேறு எங்கே பேசுவது? “கடிதத்தை இப்பவே பிரிச்சுப் பாரு லா, எத்தனை பக்கம்தான் காக்க வைப்பே” என்று ஒருவர். “எங்க மாமியாரை யாரோ நாவல்காரருக்குக் காட்டிக் கொடுத்துட்டாங்க” என்று ஒருவர். அதன் கீழே, “அக்கா, மெதுவா எழுதுங்க, அடுத்த வீடு உங்க மாமியாரோட தங்கச்சி வீடு” என்று இன்னொருவர். இதைப் படித்து நான் தனியே உட்கார்ந்து சிரித்ததைக் கண்டு, கடைக்கு வந்தவர்கள் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்கள்.

6. காரியதரிசி அவர்கள் இந்த நாவல்களைத் தொட்டதே இல்லை என்கிறார். பூரணவல்லி 140-ஆம் பக்கத்தில் “ஐயோ பாவம்” என்று ஊதா மையில் எழுதியிருக்கிறது. எங்கள் வீடுகளில் பென்சில்தான் உண்டு. ஊதா மை வாசகசாலை மேசையில் இருக்கிறது. நோட்டீஸில் உள்ள ‘ஐ’யையும் அந்த ‘ஐ’யையும் தாங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் அழாதவர் பதினோரு வீட்டிலும் இல்லை. அவரும் எங்களில் ஒருவர் என்று தெரிந்து எனக்கு மிகுந்த சந்தோஷம்.

7. இனி நான் எழுதவந்த காரியம். 212-ஆம் பக்கத்தில், பூரணவல்லியை வயதான ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுக்க அண்ணன் நாள் குறிக்கிறான். அந்த இடத்தில் மெல்லிய பென்சிலில் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: “எனக்கும் தையில் இப்படித்தான் வச்சிருக்காங்க. வேண்டாம்னு சொல்லலாமா?” பெயர் இல்லை. அடுத்தடுத்த வீட்டார் பதில் எழுதியிருக்கிறார்கள். “சொல்லு.” “அழுதுகிட்டே சொல்லாதே தங்கச்சி, நிமிர்ந்து நின்னு சொல்லு.” ஒரு பதில் அரபு எழுத்தில் எழுதிய தமிழ். ஹாஜராவிடம் காட்டி வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன்: “நான் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் ஆகிறது.” கடைசியாக என் பதில்: “சொல்லிவிட்டு, இடம் இல்லையென்றால் மசாலாக் கடை பெரியநாயகி வீட்டுக்கு வா. எனக்கு இன்னொரு ஆள் தேவைதான்.”

8. நவம்பர் 17-ஆம் தேதி அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மறு வாரம் அது முதல் வீட்டிலிருந்து மறுபடி சுற்றியிருக்கும். அந்த வாரம்தான் பூட்டு விழுந்தது. கேட்ட பெண் பதிலைப் பார்க்கவில்லை. வீடு வீடாகப் போய் நான் விசாரித்தால் அவருடைய வீட்டார் காதில் விழும். யாரிடமும் பெயர் சொல்லாமல் கேட்டவருக்குப் பெயர் தெரியாமலே பதில் போய்ச் சேரவேண்டும். அதற்கு அந்தக் கூடையைத் தவிர வேறு வழியில்லை.

9. ஆகவே, கமிட்டி கூடும்வரை காத்திராமல், வரும் சனிக்கிழமை 15-ஆம் தேதியே அலமாரியைத் திறக்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுதியதை அழித்தே தீரவேண்டும் என்றால் நானே ரப்பர் கொண்டுவந்து என் எழுத்துகளை அழித்துத் தருகிறேன். 212-ஆம் பக்கத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால், சனிக்கிழமை காலை வாசகசாலை பெஞ்சில் வந்து உட்காருவேன். பெண்கள் உட்காரக்கூடாது என்று விதி இல்லை. பதினான்கு விதிகளையும் வாசித்துவிட்டேன்.

10. தை பிறக்க இன்னும் முப்பத்துநான்கு நாள். வீட்டுக்கு ஒரு வாரம் என்றால் நேரம் போதாது. இந்த ஒரு சுற்றுக்கு மட்டும் வீட்டுக்கு இரண்டு நாள் போதும். பதினோரு வீட்டுக்கும் இருபத்திரண்டு நாள். 15-ஆம் தேதி புறப்பட்டால் தைக்கு முன்பே அந்தப் பெண்ணின் கைக்குப் போய்விடும். நாங்கள் வேகமாகப் படிப்போம், ஐயா.

இடம்: பினாங்கு
நாள்: 11-12-1934, பவ வருஷம் கார்த்திகை 26

இப்படிக்கு,
தன் கையால் எழுதிக் கையொப்பமிட்ட,
செ. பெரியநாயகி