வசனத்தாளின் பின்பக்கம்

பிப்ரவரி 2

என் அன்பு மேனேஜரம்மாவுக்கு,

உன் புருஷன் எழுதிக்கிறது. நான் நல்லா இருக்கேன். நேத்து வரைக்கும் பிணமா இருந்தேன், இன்னிக்கு எழுந்துட்டேன். ஒரு சினிமாவுல கரையில ஒதுங்கின பிணம். நாலு மணி நேரம் ஈரத்துல படுத்திருந்தேன். "பெரியவரே, வயிறு ஏறி இறங்குது, மூச்சு விடாதீங்க"ன்னு கேமராக்காரன் கத்துறான். "அதுக்கு நீ நிஜப் பிணத்தைத்தான் கூப்பிட்டிருக்கணும் தம்பி, அதுக்கு டீ கூட வாங்கித் தர வேண்டாம்"னேன்.

சீரியல் வேலையும் ஓடிட்டு இருக்கு. அதுல நான் சிடுமூஞ்சி அப்பா. போன வாரம் சாப்பாட்டு மேஜை சீனை எட்டு தடவை எடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் புது ரொட்டி, ஆனா ஒரே ஒரு கடி. கடிச்ச அளவு மாறக் கூடாதாம், அதை எழுதி வெச்சுக்கவே ஒரு பொண்ணு நிக்குது. முடிஞ்சதும் எட்டு ரொட்டியும் குப்பைக்குப் போக இருந்துச்சு. விடுவேனா? என் பல்லு, எனக்கென்ன அருவருப்பு? வீட்டுக்குக் கொண்டாந்து உதிர்த்து, மிச்சம் கிடந்த உருளைக்கிழங்கோட பிசைஞ்சு, வெங்காயம் போட்டுத் தட்டி, கல்லுல சுட்டேன். மூணு நாள் ஓடுச்சு. நாலாம் நாள் தூளா நின்னதுல ஒரு முட்டையை உடைச்சு ஊத்திக் கிளறினேன். நீ இருந்தா மூக்கைப் பொத்திக்கிட்டு ரெண்டு தட்டு சாப்பிட்டிருப்ப.

இந்தப் பேப்பரும் அப்படித்தான். சீரியல் வசனத்தாள். பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு, எதுக்கு வீணாக்கணும்?

உன் தங்கச்சி மகன் குடும்பத்தோட வர்றான், மார்ச் ஒண்ணுக்குள்ள உன் ரூமைக் காலி பண்ணணும்னு எழுதியிருந்த. வேற இடம் பார்க்கறியா, இங்க வர்றியான்னு நீ எழுதல. ஆறு வருஷமா நாம இப்படித்தானே. ஆபரேஷனுக்கு அப்புறம் தங்கச்சி வீட்டுல பத்து நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வரேன்னு போன. எந்தப் பத்து நாள்னு நான் விசாரிச்சிருக்கணும்.

விளையாட்டை விடு. ஒண்ணு சொல்லணும். உன் ஆபரேஷன் அன்னிக்கு ஷூட்டிங்னு போயிட்டேன். நான் போட வேண்டிய கையெழுத்தை நீயே போட்ட. அந்தக் கை நடுங்குச்சான்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் கேட்கல. இதுக்கு மேல எழுத வரல. வந்துடேன்.

இப்படிக்கு,
முன்னாள் பிணம், உன் புருஷன்


பிப்ரவரி 7

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு முறை படித்தேன். தங்கை வந்து, "என்னக்கா, வெங்காயமா நறுக்கற?" என்றாள். கையில் கத்தியும் இல்லை, வெங்காயமும் இல்லை. கடிதத்தை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துவிட்டேன்.

கடைசி நான்கு வரிகளை நீங்கள்தான் எழுதினீர்களா என்று எனக்கு ஆச்சரியம். முப்பது வருடக் குடித்தனத்தில் நீங்கள் என்னிடம் கேலி இல்லாமல் பேசிய வரிகளை எண்ணினால் ஒரு போஸ்ட்கார்டு நிறையாது.

இங்கே இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பார்த்து வைத்திருந்தேன். நல்ல வெளிச்சம். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ரொட்டியை மூன்று நாள் வைத்துச் சாப்பிடாதீர்கள். உங்கள் வயிறு சீரியல் இல்லை, இழுத்துக்கொண்டே போவதற்கு.

அன்புடன்,
உங்கள் மனைவி


பிப்ரவரி 11

மேனேஜரம்மா,

மருந்துக்கடையில பில்லு போட்டுப் போட்டு உனக்குக் கடிதாசியும் பில்லு மாதிரியே வருது, ஒரு எழுத்துப் பிழை இல்ல. ஆனா "அன்புடன்"னு போட்டிருக்க. போன கடிதாசியில அது இல்ல. பழசையெல்லாம் எடுத்துப் பார்த்துட்டேன், எதுலயும் இல்ல.

அலமாரியில உன் தட்டைக் காலி பண்ணிட்டேன். அங்க என்னோட மூணு விக்கும் ஒரு ஒட்டு தாடியும் குடியிருந்துச்சு. சொல்லாம கொள்ளாம கிளப்பிட்டேன், பாவம், கட்டிலுக்கு அடியில கிடக்குதுங்க.

அந்த வெளிச்ச ரூமை வேண்டாம்னு சொல்லிடு. இங்கயும் வெளிச்சம் இருக்கு. ஜன்னலைத் துடைச்சாத் தெரியும்.

இன்னிக்கு ஜட்ஜா தீர்ப்பு சொன்ன,
உன் புருஷன்


பிப்ரவரி 16

உங்களுக்கு,

நேற்று மாலை தங்கையோடு உட்கார்ந்து உங்கள் சீரியல் பார்த்தேன். நீங்கள் அந்த சீரியல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். "நான் போட வேண்டிய கையெழுத்தை நீயே போட்ட. அந்தக் கை நடுங்குச்சான்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் கேட்கல" என்று சொன்னீர்கள். ஒரு சொல்கூட மாறவில்லை.

தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டே, "மாமா என்னமா நடிக்கறார்க்கா!" என்றாள். நான் எழுந்து உள்ளே போய்த் தலையணை உறையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்தேன். பின்பக்கத்தை நான் அதுவரை பார்க்கவே இல்லை. திருப்பினேன். "அப்பா மன்னிப்புக் கேட்கிறார். அழுகை" என்று டைப் அடித்திருக்கிறது. அதற்குக் கீழே பென்சிலில், உங்கள் கோணல் கையெழுத்தில், அதே வரி.

எது முதலில்? எனக்கு எழுதியதைச் சீரியலில் சொன்னீர்களா? சீரியலுக்கு யோசித்ததில் மிச்சத்தை எனக்கு எழுதினீர்களா? முதலாவது என்றால் கோபம் வரும், ஆனால் வந்துவிடுவேன். இரண்டாவது என்றால் வெளிச்ச அறைக்குப் போகிறேன். நான் இன்னும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

கேலி வேண்டாம். பதில் மட்டும்.

உங்கள் மனைவி


பிப்ரவரி 20

அம்மா தாயே,

உன் கடிதாசி வந்ததுலேர்ந்து நான் நானா இல்ல. நேத்து செட்டுல போஸ்ட்மாஸ்டரா நின்னுக்கிட்டு ஜட்ஜ் வசனத்தைப் பேசிட்டேன்.

எங்க சீரியல்ல பாதி நாள் வசனம் வந்து சேர்றதுக்குள்ள லைட்டைப் போட்டுடுவாங்க. "ஐயா, நீங்களே ஏதாவது பேசிடுங்க"ம்பாங்க. அன்னிக்கும் அப்படித்தான். அது வரைக்கும் நினைவிருக்கு. அதுக்கு முன்னாடி பின்னாடிதான் குழம்புது.

உதவி டைரக்டரைப் போய்க் கேட்டேன். "அதை அங்கயே அள்ளி விட்டீங்களே ஐயா, ஜனவரி முப்பது, எல்லாரும் கைதட்டினோமே"ங்கிறான். உனக்கு எழுதினது ரெண்டாம் தேதி. அப்ப சீரியல்தான் முதல்ல. தொங்கிப்போன மூஞ்சியோட மேக்கப்காரர்கிட்ட போனேன். அவர் என்ன சொல்றாரு? "அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நீங்க நாற்காலியில குனிஞ்சு உக்காந்து அதையேதானே முணுமுணுத்தீங்க? மூக்குல பவுடர் போட விடல. என்ன சீன்னு கேட்டேன். சீனு இல்லய்யா, வீட்டுக்கு எழுதறேன்னீங்க"ங்கிறாரு. அப்ப நீதான் முதல்ல! ஒரு குதி குதிச்சேன். அப்புறம் யோசிச்சா, அந்த ஆளு யாரு எதைக் கேட்டாலும் அவங்களுக்குப் பிடிச்ச பதிலைத்தான் சொல்லுவாரு. எனக்கு ராஜா மூக்குன்னு சொன்னவரு அவரு.

பென்சில்ல கிறுக்கினது நான்தான். கடிதாசிக்குக் கிறுக்கினேனா, சீனுக்குக் கிறுக்கினேனான்னு தெரியல.

"நீதான் முதல்ல"ன்னு எழுதிட்டா நீ வந்துடுவ. அதை எழுத எனக்கு எவ்வளவு நேரமாகும்? உன் தங்கச்சியே அழற மாதிரி எழுதுவேன். எழுதியும் பார்த்தேன். படிச்சுப் பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு. அதான் கிழிச்சுப் போட்டுட்டேன்.

தெரியலம்மா. அழுதது நிஜம். உன்னை நினைச்சு அழுதேனா, கேமரா பார்க்குதுன்னு அழுதேனா, அதுதான் பிடிபடல. இத்தனை வருஷம் கூலிக்கு அழுதவனுக்கு எந்தத் தண்ணி எந்தக் குழாயிலேர்ந்து வருதுன்னு எப்படித் தெரியும்?

இதை எழுதறப்பதான் ஒண்ணு உறைக்குது. கடிதாசியிலயும் "கேட்கல"ன்னு சொன்னேன். டிவியிலயும் "கேட்கல"ன்னு சொன்னேன். ரெண்டு இடத்துலயும் கேட்கவே இல்ல பாரு. இப்பக் கேட்கறேன்.

அன்னிக்குக் கை நடுங்குச்சா?

உன் புருஷன்


பிப்ரவரி 23

அன்புள்ள உங்களுக்கு,

கை நடுங்கவில்லை. நர்ஸ் கொடுத்த பேனா எழுதவில்லை, உதறி உதறிப் போட்டேன். எனக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். கணவர் வரவில்லையா என்று கேட்டாள். வேலை என்றேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வேலை என்றால் வேலைதான், நானும் கடையில் நின்றவள்.

நடுங்கியது மறுநாள். நீங்கள் டாக்டர் வேஷம் போட்ட வெள்ளைக் கோட்டோடேயே வார்டுக்கு வந்தீர்கள். என் கட்டிலில் தொங்கிய சீட்டை எடுத்து, நெற்றியைச் சுருக்கிப் படித்து, "இந்த அம்மா பிழைக்கறது கஷ்டம், நாக்கு ரொம்ப நீளமா வளர்ந்திருக்கு" என்றீர்கள். வார்டு முழுக்கச் சிரித்தது. தையல் வலிக்க வலிக்க நானும் சிரித்தேன். எல்லோரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர்வைக்குள்ளே என் இரண்டு கைகளும் நடுங்கின. நீங்கள் வந்ததும் யாரும் பார்க்காதபோது உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று விடியும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்காத நேரமே வரவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

உங்கள் பதிலால் எனக்கு எதுவும் தெளியவில்லை. "நீதான் முதல்ல" என்று எழுதியிருந்தால் வெளிச்ச அறைக்கு முன்பணம் கொடுத்திருப்பேன் என்று மட்டும் தெரிகிறது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மார்ச் ஒன்றாம் தேதி வருகிறேன். ஒரு பெட்டி மட்டும் கொண்டு வருகிறேன், இன்னொன்று தங்கை வீட்டிலேயே இருக்கும். அதை எப்போது எடுத்து வருவேன், எடுத்து வருவேனா என்பதெல்லாம் இப்போது சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தில் உள்ளதை யாரிடமும் பேசிக் காட்ட வேண்டாம். மேக்கப்காரரிடம்கூட.

பஸ் பதினொரு மணிக்கு வந்து சேரும். அன்று ஷூட்டிங் இருந்தால் போய்விடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். சாவியை எங்கே வைப்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி