நானுஓயா ஏற்றத்தில் கழற்றிய சக்கரம்

அண்ணே,

இன்று காலை ஜீப்பின் முன் சக்கரத்து ஹப்பைப் பெயாரிங்கோடு மாற்றினார்கள். கொட்டகலையில் உங்கள் பட்டறை இருந்த இடத்தில் இப்போது வேறொருவர் தொழில் செய்கிறார். நேற்று டிரைவர் வந்து, "முன்னால ஒரு சத்தம் வருதுங்க மொதலாளி" என்றதுமே, ஏற்றியிருந்த மரக்கறி மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டேன். வாடினால் வாடட்டும் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆதாயம் பார்க்காமல் நான் ஒன்றும் செய்வதில்லை என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். பட்டறைக்காரர் பழைய ஹப்பை இழுத்தபோது கருகிய கிரீஸ் வாடை வந்தது. அங்கே நிற்க முடியவில்லை. கடைக்கு வந்து இதை எழுதுகிறேன்.

வெற்றிலைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாகத் திரிந்த என்னை உங்களுக்குத் தெரியும். கடை போட்ட பிறகு ஊரெல்லாம் 'முதலாளி' என்றது மரியாதைக்கு. நீங்கள் சொன்னது கேலிக்கு. ஏலத்தில் நான் எடுத்த பட்டாளத்து ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சண்டையில செத்தத வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றீர்கள். ஒரு மாதத்தில் அதை ஓட வைத்ததும் நீங்கள்தான்.

அந்த வருஷ மழையில், பாரத்தோடு ஆற்றில் இறக்கி ஏற்றியதில் ஹப்புக்குள் தண்ணீர் போய்விட்டது. பிறகு சத்தம் ஆரம்பித்தது. "திருவிழாவுக்கு உறுமி அடிக்கிறான் பாருங்க" என்று சிரித்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வந்து, "இடது பக்கம் ஒடிச்சா சத்தம் கூடுது. அப்ப வலது சக்கரம்தான்" என்று கண்டுபிடித்தீர்கள். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, என் கையைப் பிடித்து வில்லுக் கட்டையின் மேல் வைத்தீர்கள். "உள்ளுக்குக் கல்லு அரைக்கிற மாதிரி இல்ல?"

அரைத்தது. உள்ளங்கையில் நன்றாகத் தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றேன். தெரிந்தது என்றால் வண்டியை நிறுத்த வேண்டுமே.

புது ஹப் கொழும்பிலிருந்து வெள்ளிக்கிழமை ரயிலில் வந்தது. அரை நாள் வேலை. சனிக்கிழமை தோட்டங்களில் சம்பளம். சாமான் ஏற்றாமல் முடியாது என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். "சரி, எனக்குத் திங்கக்கெழம நுவரெலியாவுல விசாரணை. நாங்க காலம்பற பஸ்ஸுல போயிர்றோம். வந்து போட்டுத் தர்றேன்" என்றீர்கள்.

பிரஜாவுரிமை விசாரணை. இந்த மலையில் பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்று, இந்த நாட்டுக்காரன்தான் என்று கடதாசி காட்டி நிரூபிக்க வேண்டிய நாள். விசாரணைக்குக் கூப்பிடும் அந்த ஓலைக்கு மூன்று வருஷம் காத்திருந்தீர்கள். பத்து மணிக்கு நிற்க வேண்டும்.

"பஸ்ஸுல இடிபடுறதுக்கா? நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். பெரிய மனது என்று மதினி நினைத்திருப்பார். திரும்பும்போது நுவரெலியாவில் கரட் ஏற்றிவர ஆளிடம் சொல்லி வைத்திருந்தேன். அதை உங்களிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையும் கோட்டுமாக வந்தீர்கள். மதினி மடியில் தகரப் பெட்டி. பிறப்புப் பதிவு, தோட்டத்துக் கடிதங்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள். புது ஹப்பைச் சாக்கில் சுற்றிப் பின்னால் போட்டீர்கள். "எதுக்கும் கெடக்கட்டும்."

தலவாக்கலை தாண்டியதும் உறுமல் ஊளையானது. நானுஓயா ஏற்றத்தில் சக்கரத்திலிருந்து புகை வந்தது. "நிறுத்துங்க மொதலாளி, புடிச்சுக்கிச்சு!"

கோட்டைக் கழற்றி மதினியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தீர்கள். பெயாரிங் வளையம் தண்டோடு ஒட்டிப் போயிருந்தது. உளியை வைத்து அடித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து பஸ் வந்தது. மதினி ஓடிப்போய்க் கையை நீட்டி மறித்தார். நின்றது.

"நுவரெலியா, நுவரெலியா! ஏறுறவங்க ஏறுங்க, வேடிக்க பாக்குறவங்க அப்பறமாப் பாருங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

"வாங்க, போயிருவோம். வண்டி எங்கயும் ஓடிப் போயிறாது" என்றார் மதினி.

நீங்கள் எழுந்து, கிரீஸ் கையோடு என்னைப் பார்த்தீர்கள். "என்ன மொதலாளி?"

பிரித்த சக்கரத்தைப் பூட்ட எனக்குத் தெரியாது. கரட்காரன் மத்தியானத்துக்கு மேல் நிற்கமாட்டான். இரண்டும் என் மனதில் ஓடின. "எவ்வளவு நேரம் புடிக்கும்ணே?" என்று கேட்டேன்.

உங்கள் முகத்தில் ஏதோ அணைந்தது. மதினியிடம் திரும்பி, "அரை மணித்தியாலந்தான். பிரிச்சுப் போட்டுட்டு எப்பிடிப் போறது?" என்றீர்கள். பஸ் போய்விட்டது.

இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. அப்போதும் நீங்கள் அவசர வேலை செய்யவில்லை. பெயாரிங்குக்குள் கிரீஸை விரலால் அமுக்கி நிரப்பி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு மயிரிழை தளர்த்தி, எல்லாம் முறைப்படி. அதற்குப் பிறகு ஜீப்பில் ஒரு சத்தமும் இல்லை.

விசாரணைக் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. மூன்று தரம் பெயர் கூப்பிட்டார்களாம். "ஆவே நே" என்று சிங்களத்தில் சொல்லிக் கிளாக்கர் பைலைத் தள்ளினார். வரவில்லை என்று எழுதியாகிவிட்டது. நீங்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றீர்கள். மதினி பெட்டியைத் திறந்து திறந்து காட்டினார். அதற்குப் பிறகு போட்ட மனுவும் தள்ளுபடி.

கரட்டை ஏற்றினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டைகளுக்கு நடுவில்தான் நீங்கள் இருவரும் ஊர் திரும்பினீர்கள்.

கடைத்தெருவில் கேட்டவர்களிடம் "ரோட்டுல வண்டி மக்கர் பண்ணிருச்சு" என்றீர்கள். யாருடைய வண்டி, பஸ்ஸில் ஏறவிடாமல் யார் உங்களை நிறுத்தி வைத்தது என்று ஒருநாளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் என் விசாரணைக்கு முதல் நாளே ரயிலேறிப் போய்த் தங்கினேன். எனக்குக் கிடைத்தது.

கடதாசி இல்லாதவருக்குப் பட்டறை இடத்தை எழுதித் தர யாரும் வரவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேறப் பிள்ளைகளோடு தலைமன்னார் ரயிலேறினீர்கள். ஸ்டேஷனில் மதினி என் பக்கம் திரும்பவேயில்லை. நீங்கள் மட்டும் ஜன்னலால் குனிந்து, "மாசத்துக்கு ஒருக்கா சக்கரத்தத் தூக்கி ஆட்டிப் பாருங்க" என்றீர்கள்.

திருச்சிப் பக்கம் ஒரு லொறிக் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நீங்கள் இறந்துபோய்விட்டதாகப் போன மாதம் மதினியிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டே வரி. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நியாயமும் இல்லை.

பேசித்தான் அண்ணே நான் முன்னுக்கு வந்தேன். கல்லையும் கிழங்கென்று விற்கிற வாய் என்று நீங்களே சொல்வீர்கள். அன்றைக்கு வேண்டியிருந்தது நாலைந்து சொல். பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் அது வரவில்லை. இப்போது தனியாக ஜீப் ஓட்டும்போது, அந்த ஏற்றத்தில் வாய்விட்டுச் சொல்கிறேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

"ஏறுங்கண்ணே. வண்டிய நான் பாத்துக்கிறேன்."