சத்தம் வருகிறதா என்ற கட்டம்

சிங்காநல்லூர்
சனிக்கிழமை

ஹாரிகா கண்ணுக்கு,

வாட்ஸ்அப்பில் போட்டால் மாப்பிள்ளைதான் முதலில் படிப்பார். அதனால் நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதுகிறேன்.

எனக்கு ஒன்றுமில்லை. மில்லுக்குப் போகிறேன், வருகிறேன், கால் கடுக்கிறது, படுத்துவிடுகிறேன். தினமும் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்த்துத் தாளில் டிக் போட வேண்டும். பெல்ட் சரியா, எண்ணெய் போதுமா, புதிதாக ஏதாவது சத்தம் வருகிறதா என்று கட்டங்கள் இருக்கும். சத்தத்துக்கு இரண்டு வருடமாக 'இல்லை' என்றே போடுகிறேன். பேரிங் பக்கம் உள்ளங்கையை வைத்தால் அதிர்வில் தெரிந்துவிடும் என்று ஒரு தைரியம்.

வியாழக்கிழமை அசதியில் கை வைக்க மறந்துவிட்டேன். டிக் போட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மெஷின் ரிஃபத் ஓடி வந்து என் மெஷினை நிறுத்தினாள்.

"ஏனுங்க அக்கா, பேரிங் இந்தக் கத்து கத்துது, கேக்கலீங்களா?"

அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். சூப்பர்வைசரிடம் அவள் சொல்லவில்லை. "இனிமே உங்க மெஷினையும் நானே கேட்டுச் சொல்லிப்போடறேனுங்க" என்றாள். எத்தனை நாளைக்குச் சொல்வாள், பாவம்.

அது கிடக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ரொம்ப நேரம் பேசினாய். நானும் வழக்கம்போல "சரி கண்ணு, அப்படியே செய்" என்று சொல்லிவைத்தேன். அதற்கப்புறம் நீ கூப்பிடவே இல்லை.

நீ அழுதாயா, சிரித்தாயா என்றுகூட எனக்குத் தெரியாது. உன்னை நான் என்ன செய்யச் சொன்னேன் என்று எழுது. என் பதில் வரும்வரை அதைச் செய்யாதே.

உன் அம்மா