வெட்டுவதற்கு உண்டு, மருந்துக்கு இல்லை

டிசம்பர் 9, 2024

காலையில் வாசல் கூட்ட வந்தால், எங்கள் தெரு வேப்பமரங்கள் எல்லாவற்றிலும் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி. யாரைக் கேட்டுப் போட்டார்கள்? இந்த வார்டு கவுன்சிலர் நான்தானே? எனக்கே தெரியாது.

மரங்கள் நுனியெல்லாம் தீய்ந்துபோய்த்தான் நிற்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. மழை தொடங்கியதிலிருந்து ஊர் முழுக்க இந்தக் கருகல். அதற்காகச் செத்துவிட்டது என்று யார் சொன்னது? முனிசிபல் இன்ஜினியர் சுரேஷ்பாபு நேற்றே போன் செய்து சொன்னாராம் — என் வீட்டுக்காரருக்கு. சீட்டு பெண்களுக்கு, ஜெயித்தது நான், போன் மட்டும் அவருக்கு. "உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன் தேவா, தறி வேலைல மறந்துட்டேன்" என்கிறார் சம்பத். மறப்பார்.

டிசம்பர் 12

காய்ந்த கிளை ஒன்றைப் பையில் சுற்றிக்கொண்டு ரயிலேறித் திருப்பதி போனேன். விவசாயக் கல்லூரியில் பாடம் நடத்தும் சுமித்ரா மேடம் கிளையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை. பூஞ்சை நோயாம், கூடவே ஒரு பூச்சி குருத்தை உறிஞ்சுகிறதாம். நுனியைக் கழித்து மருந்தடித்தால் மாசி பங்குனியில் துளிர்த்துவிடும் என்றார். "வெட்ட மட்டும் விட்டுடாதீங்கம்மா."

வரும்போது ரயிலில் உட்கார இடமில்லை. கால் வலித்ததே தெரியவில்லை.

ஜனவரி 6

பட்ஜெட்டுக்கு முன்னால் வார்டு தேவைகளைக் கேட்கும் கூட்டம். மரங்களுக்கு மருந்தடிக்கப் பணம் ஒதுக்கச் சொன்னேன். ஆந்திரா முனிசிபாலிட்டி ஆயிற்றே, சுரேஷ்பாபு தெலுங்கில் சொன்னார்: "மந்துக்கு ஹெட் லேது மேடம்." அதாவது, மர மருந்து என்று பட்ஜெட்டில் ஒரு தலைப்பே கிடையாது, தலைப்பு இல்லாமல் பைசா எடுக்க முடியாது. வெட்டுவதற்கு? அதற்கு உண்டு. 'அபாயகரமான மரங்களை அகற்றுதல்.' மார்ச்சுக்குள் செலவு செய்யாவிட்டால் அந்தப் பணம் திரும்பிப் போய்விடுமாம், அதனால் வெட்டியே தீர வேண்டுமாம்.

"அப்போ ஹெட் போடுங்க. பட்ஜெட் போடறது நீங்கதானே?" என்றேன். சேர்மன் சிரித்தார். "பாக்கலாம்மா, பாக்கலாம்."

விடவில்லை. கத்தினேன். கடைசியில், வார்டு கவுன்சிலர் சம்மதம் இல்லாமல் எங்கள் தெரு மரத்தைத் தொடமாட்டோம் என்று கமிஷனர் ஒத்துக்கொண்டார்.

ஜனவரி 7

வெட்ட உண்டு. பிழைக்க வைக்க இல்லை. இதுக்குப் பேர் பட்ஜெட்.

பிப்ரவரி 3

திருச்சானூரில் தங்கை மகள் கல்யாணம். இவர் முகூர்த்தம் முடிந்ததும் தறிக்குத் திரும்பிவிட்டார், நான் மறுவீடு வரை இருந்துவிட்டு வந்தேன். ஆட்டோவை விட்டு இறங்கினால் தெரு தெரியவில்லை. வேறெங்கோ இறக்கிவிட்டான் என்று ஆட்டோக்காரனைத் திட்டிவிட்டேன். அடிக்கட்டைகள். மரத்தூள். என் தெருவில் இவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

சம்மதம் சொன்னது யார்? இவர். போனில்.

"கவுன்சிலர் வூட்ல ஓகேவான்னு கேட்டாங்க. நீ கல்யாணத்துல கீறியே, தொந்தரவு வேணாம்னு சரின்னுட்டேன். சைடு கால்வா கட்டித் தர்றேன்னாங்க தேவா."

பாவி மனுசா. எனக்கு வாய் இல்லியா? நான் ஊமையா? என் வாயால கத்திக் கத்தி நிறுத்தி வெச்சத, ஒரு 'சரி'ல முடிச்சுட்டியே. இன்னிக்கு இவரோட பேசக்கூடாது. பேசினா கொலை விழும்.

டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து மரம் மட்டும் நிற்கிறது. கரண்ட்காரர்கள் லைனை நிறுத்த வரவில்லையாம், அதனால்தான். இரக்கமெல்லாம் இல்லை.

பிப்ரவரி 10

தறிக்கான பாவு நூலைக் கஞ்சி தோய்த்துத் தெருவில் நீட்டினால் வெயில் சுள்ளென்று பிடிக்கிறது. நிழல் இல்லாததால் சட்டென்று காய்ந்து இழை அறுகிறது. எதிர்வீட்டு சுலோசனா அறுந்ததைப் பிணைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கவுன்சிலர் வூட்லயே சரின்னுட்டாங்களாமே."

நான் சொல்லலடின்னு வாசல் வாசலா போய்ச் சொல்லிக்கினு இருக்கணுமா நான்? சொன்னாலும் யார் நம்புவா?

பிப்ரவரி 24

பட்ஜெட் கூட்டம். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பி வந்தார், வழக்கம்போல் என் பக்கத்து நாற்காலியில் உட்கார. ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தினேன். "நீங்க வெளிய இருங்க. இல்லன்னா எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சுட்டு வாங்க." பியூன்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மருந்துக்கான ஹெட் வரவில்லை. வெட்டுவதற்கான தொகையைக் கூட்டியிருக்கிறார்கள். எதிர்த்துக் கை தூக்கியது நான் ஒருத்திதான்.

மார்ச் 17

டிரான்ஸ்ஃபார்மர் மரம் துளிர்த்துவிட்டது. செம்பு நிறத் தளிர், நடுநடுவே மொக்கு. அடியில் அந்தப் பெருக்கல் குறி அப்படியே இருக்கிறது.

அப்போ மத்ததும்? எல்லாமே உயிரோடதான் இருந்துச்சு. வெட்டுறப்போ உயிரோட இருந்துச்சு.

இவரும் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். அப்படியே தறிக்குத் திரும்பிப் போய்விட்டார். நல்லவேளை.

மார்ச் 29

நாளைக்கு உகாதி, தெலுங்கு வருஷப்பிறப்பு. வேப்பம்பூ போடாமல் பச்சடி ஏது? ஊருக்குள் இருந்த மரத்தையெல்லாம் வெட்டியாச்சு, சந்தையிலும் கையை விரிக்கிறார்கள்.

சாயங்காலம் சேர்மன் போன் செய்தார், பழக்கத்தில் இவர் நம்பருக்கு. "கவுன்சிலர் அவங்கதான் சார், அவங்களயே கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே இவர் அடுப்படி வரைக்கும் வந்து போனை நீட்டினார். கல்யாணமான நாளாக இப்படி ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஆபீஸ் பச்சடிக்கு ரெண்டு கை பூ வேண்டுமாம். எங்கள் தெருவில் ஒரு மரம் பூத்திருக்கிறதாமே.

"பூவுக்கு ஹெட் இருக்குதா சார்?" என்றேன். வைத்துவிட்டார்.

மார்ச் 30

விடியும்போதே தெருப் பெண்கள் எல்லாரும் அந்த மரத்தடியில். சுலோசனா முந்தானையில் பூவை ஏந்தி வீட்டுக்கு வீடு பங்கு வைத்தாள். என் பங்கை என் கையில் வைத்து அழுத்தினாள்.

ஆபீஸுக்கு நான் மட்டும் போனேன். பஞ்சாங்கம் படித்தார்கள். தொன்னையில் பச்சடி கொடுத்தார்கள். வெல்லம் இருந்தது, புளி இருந்தது, மாங்காய் இருந்தது. கசப்பு இல்லை. ஏன் இல்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று ரெண்டாவது தொன்னை வாங்கிச் சாப்பிட்டார்கள்.