உட்காராத நேர்த்தி

மட்டாஞ்சேரி

அன்புள்ள பொன்மணிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவின் கால் வீக்கம் வற்றியதா? போனில் பேசினால் அறையில் ஆறு பேருக்கும் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

மூலத்துக்கு நீ கொடுத்துவிட்ட துத்தி இலைப் பொடியை மோரில் கலந்து குடிக்கிறேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ரத்தமும் தினமும் வருவதில்லை. பயப்படாதே.

ஒரு கூத்து கேள். குடோனில் எல்லோரும் தரையில் உட்கார்ந்துதான் சுக்கு பொறுக்குவோம். நான் மட்டும் நிற்பதைப் பார்த்து மேஸ்திரி சுபைர் இக்கா, "எந்தா அழகரே, இருக்க மாட்டியா?" என்றார். வெட்கத்தில், "பழனிக்கு நேர்த்தி இக்கா, உட்காரக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். உடனே நின்றபடியே பொறுக்க எனக்கென்று ஒரு மேசை போட்டுத் தந்தார். மீன் வாசம் என் மேல் படக்கூடாது என்று, இப்போதெல்லாம் மத்தியானம் எல்லோரும் தள்ளிப்போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நான் சுவரைப் பார்த்து நின்று சாப்பிடுகிறேன்.

பொடி தீரப்போகிறது, அனுப்பு. பொட்டலத்தின் மேல் பிரசாதம் என்று எழுதிவிடு.

நேர்த்தி என்றைக்கு முடியும் என்று இக்கா கேட்டார். ஊருக்குப் போகிற அன்றைக்கு என்றேன். எந்தத் தேதி என்றார். லாரி வந்துவிட்டது என்று நகர்ந்துவிட்டேன்.

இப்போது நிஜமாகவே லாரி வந்துவிட்டது.

உன் அழகர்