பக்கம் திருப்பும் சத்தம்

பிப்ரவரி 6

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆர்மோனியம் பிரதருக்கும் அக்காவுக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நம் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற உங்களுக்கும் ஆல்டோ குரல் பாடின எனக்கும் வைத்த பட்டப்பேரிலேயே எழுதுகிறேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்க முடியாமல்தான் ஊர் மாறினேன். இங்கே வந்தும் தனியாகத்தான் இருக்கிறேன், வாடகை மட்டும் கூட.

ஆஸ்பத்திரித் தையல் கூடத்தில் வேலை. கிழிந்த விரிப்புக்கு ஒட்டுப் போடுவது, ஆபரேஷன் அங்கிக்கு நாடா தைப்பது. மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அறை மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். எதற்கு இந்த ஜன்னல் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். காற்று வரும் என்றார். அதுவும் வரவில்லை. சர்ச்சில் எல்லாரும் கை குலுக்குகிறார்கள், அப்புறம் அவரவர் குடும்பத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அக்கா, கண் போனாலும் உங்கள் வாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்புகிறேன். தினமும் முழங்காலில் நின்று உங்கள் பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். பிரதர், இதை அவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பாட்டுக் குரல் வேண்டாம், பேச்சுக் குரலே போதும்.

உங்கள் அன்புச் சகோதரி,
ஆல்டோ


பிப்ரவரி 19

அன்பான ஆல்டோ சிஸ்டருக்கு,

கடிதத்தை என் மனைவி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். "சுவரைப் பாக்குற ஜன்னலா? அந்த ரூமை எனக்குக் குடுத்துடச் சொல்லுங்க, எனக்கு எல்லா ஜன்னலும் அப்படித்தான்" என்கிறாள். சிரித்தது அவள் மட்டும்தான்.

பஸ் டிப்போவில் வண்டிகள் நேரத்துக்கு வருகின்றனவா என்று பார்க்கிற வேலைதான் எனக்கு இன்னும். வண்டிதான் வருவதில்லை, பார்ப்பது ஒழுங்காக நடக்கிறது. பாடகர் குழுவில் உங்கள் இடத்தில் இப்போது பல் டாக்டரின் மனைவி. அவர் குரல் மேலே போனால் எங்களுக்குப் பல் கூசுகிறது. கணவருக்கு ஆள் பிடிக்கிறார் போலிருக்கிறது.

அவளுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. ஊட்டிவிட்டு, தலை வாரி, மருந்து கொடுத்து முடித்தால் பேச ஆளில்லை. அவளிடம் பேசலாம். ஆனால் என் களைப்பு தெரிந்துவிடாமல் பேச வேண்டியிருக்கிறது. நான் உங்களுக்கு எழுதியதையும் அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். இந்தப் பத்தியை விட்டுவிடுவேன்.

உங்கள் சகோதரன்,
ஆர்மோனியம்


ஏப்ரல் 2

அன்பான ஆர்மோனியத்துக்கும் அக்காவுக்கும்,

அக்கா, நீங்கள் கேட்ட போர்வை தயார். ஓரத்தில் தடிப்பாகத் தையல் விட்டிருக்கிறேன், தலைமாடு எது கால்மாடு எது என்று கைக்குத் தெரியும். பார்சலில் வருகிறது.

ஆர்மோனியம், இனி எழுதுவது உங்களுக்கு மட்டும். போன வாரம் காய்ச்சலில் கிடந்தேன். தண்ணீர் குடித்தாயா என்று கேட்க ஆளில்லை. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தில் ஓரிடத்தில் என்னை ‘நீ’ என்று எழுதியிருந்தீர்கள். கை தவறி வந்ததோ என்னவோ. இந்த ஊரில் என்னை நீ என்று சொல்ல ஒருவரும் இல்லை. படுத்தபடியே அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். காய்ச்சல் விட்டபிறகும் வாசித்தேன்.

ஆல்டோ


மே 2

ஆல்டோ,

கை தவறி வரவில்லை.

டிப்போ வேலையாக 24ஆம் தேதி உன் ஊருக்கு வருகிறேன், இரண்டு நாள். இவளிடம் வேறு ஊர் என்று சொல்லியிருக்கிறேன். துணைக்கு அவள் தங்கை வருவாள். ஆபீசில் எனக்கு ரூம் தருவார்கள். அங்கேதான் தங்க வேண்டுமா? நீ சொல்.


மே 8

ஆபீஸ் ரூமில் தங்க வேண்டாம். வாருங்கள்.

என்னிடம் ஒரு கப்தான் இருந்தது. இன்று இன்னொன்று வாங்கிவிட்டேன்.


மே 15

ஆல்டோ,

சாயங்கால வண்டியில் வந்து இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வராதே, நானே வழி கேட்டு வருகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. நேற்று உன் ஏப்ரல் கடிதத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாள். முடித்ததும், "முன்னாடியும் ரெண்டு தடவை பக்கம் திருப்புற சத்தம் கேக்கும், இப்பவும் கேக்குது. சேதி மட்டும் பாதியாயிடுச்சே?" என்றாள். உன் எழுத்து பெரிதாகிவிட்டது என்று சமாளித்தேன். "அப்படியா, பாவம், அவளுக்கும் கண்ணு மங்குதோ என்னவோ. அவளுக்காக நானும் ஜெபிக்கணும்" என்றாள்.

இன்னும் ஒன்பது நாள்.


மே 19

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

வாசிக்கிறவருக்கு முதலில் ஒரு வார்த்தை. ஒரு வரியையும் விடாமல் வாசியுங்கள். வாசிக்காமல் மடித்து வைத்துவிடலாம் என்றும் தோன்றும். அது உங்கள் சோதனை. எனக்கு என்னுடையதே போதும்.

அக்கா, உங்கள் காது சொன்னது சரி. உங்களுக்கு வராத பாதி, நான் அவருக்கு மட்டும் எழுதியது. 24ஆம் தேதி அவர் புறப்பட இருந்தது வேறெங்கும் இல்லை, என் அறைக்குத்தான். வாருங்கள் என்று எழுதியது நான்.

முந்தாநாள் சாயங்காலம் ஜெபிக்க முழங்கால் போட்டேன். உங்கள் பேர் வாயில் வரவில்லை. எத்தனை நாளாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் உங்களிடம் வரிகளை விட்டு வாசித்தார். நான் கர்த்தரிடம் அதையே செய்திருக்கிறேன். சரி, பரமண்டல ஜெபமாவது சொல்வோம் என்று தொடங்கினேன். ‘எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்’ என்கிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அவருக்கென்று கப்பை வாங்கி வைத்துவிட்டு, கர்த்தரே, என்னைத் தடுத்து நிறுத்தும் என்று கேட்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் கேட்டேன். முழங்கால் மரத்துப்போகும்வரை ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் உங்கள் பேர் வந்தது. சத்தமாகச் சொன்னேன். சொன்ன வாயால் அவரை உள்ளே கூப்பிட என்னால் ஆகாது.

அவர்மேல் எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போதும் இருக்கிறது. அதனால்தான் இனி எழுத மாட்டேன், அவர் எழுதினாலும் பிரிக்க மாட்டேன். அவர் வந்தால் கதவு திறக்காது. எங்கள் இருவரையும் நன்றாகத் திட்டுங்கள், உங்கள் வாய்க்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே.

புதுக் கப்பை அடுத்த மெஷின்காரியிடம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். வந்ததிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

எனக்காக ஜெபிக்க வேண்டும் என்றீர்களாம். ஜெபியுங்கள் அக்கா. சாயங்காலங்கள் இங்கே ரொம்ப நீளம்.

பொடி எழுத்தில் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். திருப்பும் சத்தம் கேட்காது. எல்லாம் இதிலேயே இருக்கிறது.

உங்கள் சகோதரி,
ஆல்டோ